வியன்னா மாநாட்டுக்கு முதல் பயணம்: விசாவுக்கு முன்னால் பாஸ்போர்ட் தேதியைப் பாருங்கள்

கேள்வி: வணக்கம். நான் மெட்டீரியல் சயின்ஸில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். செப்டம்பர் 14 திங்கள் முதல் 18 வெள்ளி வரை ஆஸ்திரியா சென்டர் வியன்னாவில் நடக்கும் மாநாட்டில் போஸ்டர் (என் ஆய்வை விளக்கும் பெரிய சுவரொட்டி) வைக்க வாய்ப்புக் கிடைத்திருக்கிறது. இதுவரை வெளிநாடு போனதில்லை. 12ஆம் தேதி சனிக்கிழமை மாலை வியன்னா போய்ச் சேர்ந்து, 18ஆம் தேதி ரயிலில் பிராக் போய், தோழி வீட்டில் மூன்று இரவு தங்கி, 21ஆம் தேதி அங்கிருந்தே விமானம் ஏற நினைக்கிறேன். பதிவுக் கட்டணத்தை ஆய்வு நிதியிலிருந்து கட்டிவிட்டார்கள். விமானச் செலவைப் பல்கலைக்கழகம் நான் திரும்பி வந்த பிறகு தரும். பாஸ்போர்ட் டிசம்பர் 5 வரை செல்லும். அழைப்புக் கடிதம் வந்துவிட்டது, ஆனால் பெயரைச் சுருக்கி முதலெழுத்தோடு போட்டிருக்கிறார்கள். விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது? அதற்கு முன் டிக்கெட் எடுக்கலாமா? பிராக்குக்குத் தனி விசா வேண்டுமா? போஸ்டரையும் பணத்தையும் எப்படி எடுத்துப்போவது? இதற்கிடையில் ‘மாநாட்டின் அதிகாரப்பூர்வத் தங்குமிட முகவர்’ என்று ஒரு நிறுவனம் 48 மணி நேரத்துக்குள் கார்டு விவரம் அனுப்பச் சொல்லி மின்னஞ்சல் போட்டிருக்கிறது. நம்பலாமா?

பதில்: அன்புள்ள ஆய்வாளருக்கு, வணக்கம். வாய்ப்புக் கிடைத்ததற்கு வாழ்த்துகள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், அதற்குத்தான் கெடு வைத்திருக்கிறார்கள். அந்த மின்னஞ்சலுக்குப் பதில் போடாதீர்கள். கார்டு எண்ணைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பெரிய மாநாடுகளைச் சுற்றி இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கலந்துகொள்வோர் பட்டியல் இணையத்தில் வெளியானதும் பெயர்களைத் திரட்டி, அறைகள் தீரப்போகின்றன, சலுகை விலை நாளையோடு முடிகிறது என்று அவசரப்படுத்துவார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கார்டு விவரம் அனுப்பினால் ரத்துசெய்ய முடியாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொள்வீர்கள். சிலருக்கு ஹோட்டல் வாசலில் போய் நின்றபோதுதான் தங்கள் பெயரில் அறையே இல்லை என்று தெரிந்திருக்கிறது. ஏற்பாட்டாளர்கள் உண்மையிலேயே ஒரு முகவரை வைத்திருந்தால் அந்த நிறுவனத்தின் பெயர் மாநாட்டுத் தளத்தில் தங்குமிடப் பக்கத்தில் இருக்கும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பை அழுத்தாமல், தள முகவரியை நீங்களே தட்டிப் போய்ப் பாருங்கள். பெயர் அங்கே இல்லையென்றால், அந்த மின்னஞ்சலை ஏற்பாட்டாளர்களுக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள். மற்றவர்களை எச்சரிக்க அவர்களுக்கு அது உதவும்.

அடுத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் பாஸ்போர்ட் தேதி. உங்கள் கடிதத்திலேயே பெரிய சிக்கல் அதுதான். ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளை) விட்டு நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். நீங்கள் கிளம்புவது செப்டம்பர் 21, ஆக டிசம்பர் 21 வரையாவது செல்ல வேண்டும். உங்களுடையது டிசம்பர் 5இல் முடிகிறது. 16 நாள் குறைகிறது. மற்ற காகிதங்கள் எல்லாம் பழுதில்லாமல் இருந்தாலும் இது ஒன்றே விண்ணப்பத்தை நிறுத்திவிடும். பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், குறைந்தது 2 பக்கம் காலியாகவும் இருக்க வேண்டும் என்ற விதிகளும் உண்டு. ஆகவே இந்த வாரமே புதுப்பிக்க விண்ணப்பியுங்கள்.

புதுப் பாஸ்போர்ட்டில் எண் மாறும். அழைப்புக் கடிதம், இன்சூரன்ஸ், டிக்கெட், விசா படிவம் எல்லாம் புது எண்ணில்தான் இருக்க வேண்டும் என்பதால், அது கைக்கு வரும்வரை மற்றவற்றுக்கு அவசரப்பட வேண்டாம். முதல்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இடறுவது ஒரு காகிதம் இல்லாததால் அல்ல. எல்லாக் காகிதமும் இருக்கும், ஆனால் ஒன்று சொல்வதும் மற்றொன்று சொல்வதும் பொருந்தாது. கடிதத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர். மாநாடு ஐந்து நாள், கேட்கும் விசா பத்து நாள், நடுவில் உள்ள நாட்களுக்கு விளக்கம் இல்லை. செலவைப் பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று ஒரு தாள் சொல்லும், படிவத்தில் ‘சொந்தச் செலவு’ என்று டிக் இருக்கும். உங்களை ஒருபோதும் பார்த்திராத அதிகாரி அந்தக் கோப்பை மட்டும் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்.

காலக்கணக்கு இப்படி. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள் முன்பு. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின் 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது பொது விதி. கூடுதலாக விசாரிக்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். உங்கள் கணக்கை 15இல் வைக்காமல் 45இல் வையுங்கள். கோடை விடுமுறைக் கூட்டத்தால் மே முதல் ஜூலை வரை அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு, அதனால் புதுப் பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்றே தேதி எடுங்கள். ஜூன் நடுவுக்குள் விண்ணப்பம் உள்ளே போய்விட்டால், ஒருவேளை மறுத்தாலும் குறையைச் சரிசெய்து மறுபடி போட அவகாசம் இருக்கும். ஆகஸ்டில் போட்டால் இருக்காது. முதல் விண்ணப்பம் என்பதால் கைரேகை கொடுக்க நீங்களே நேரில் போக வேண்டும். அந்தப் பதிவை 59 மாதம்வரை அடுத்த விண்ணப்பங்களுக்கும் பயன்படுத்திக்கொள்வார்கள்.

பிராக்குக்குத் தனி விசா வேண்டாம். செக் குடியரசும் ஷெங்கனில்தான் இருக்கிறது. எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதற்கு விதி உண்டு: பயணத்தின் முக்கிய நோக்கம் எங்கே, அதிக நாள் தங்குவது எங்கே என்று பார்ப்பார்கள். உங்களுக்கு இரண்டுமே ஆஸ்திரியாதான். வியன்னாவில் 6 இரவு, பிராக்கில் 3. விமானம் வழியில் வேறொரு ஷெங்கன் நாட்டில் இறங்கினாலும் இது மாறாது. ஆஸ்திரியாவுக்குத் தேதி கிடைக்கவில்லை, செக்கிடம் கிடைக்கிறது என்று அங்கே போய்விடாதீர்கள். அது உங்கள் விண்ணப்பத்தை எடுத்துக்கொள்ள வேண்டிய நாடே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். திட்டத்தை வளைத்து எழுதினால் அது பொய்த்தகவல் ஆகும், அதன் கறை அடுத்த விண்ணப்பங்களிலும் தொடரும். ஒரே ஒருமுறை நுழையும் விசா உங்களுக்குப் போதும். நடுவில் லண்டனையும் எட்டிப் பார்க்கலாம் என்று தோன்றினால் கணக்கே வேறு. பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா, திரும்பி நுழையப் பலமுறை நுழையும் ஷெங்கன் விசா என்று இரண்டும் சேரும்.

விசா கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. இங்கே பலருக்கும் தெரியாத ஒரு சலுகை இருக்கிறது. அறிவியல் கருத்தரங்குக்கோ மாநாட்டுக்கோ செல்லும் ஆய்வாளர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டமே சொல்கிறது. ஆய்வாளர் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் வரையறையில் முனைவர் பட்டம் பெற்றவர் மட்டுமல்ல, அந்தப் படிப்பில் சேரத் தகுதியான பட்டம் உள்ளவரும் வருவார். முதுகலைச் சான்று, ஆய்வுப் பதிவுச் சான்று, ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்ட கடிதம் மூன்றையும் மேலாக வைத்து, கட்டணம் கட்டும் முன்பே கேளுங்கள். கட்டிவிட்டுத் திரும்பக் கேட்பது வீண் அலைச்சல். விண்ணப்பம் வாங்கும் மையத்தின் சேவைக் கட்டணம் இதில் அடங்காது, அதைத் தனியே கட்ட வேண்டும்.

இனி காகிதங்கள். அழைப்புக் கடிதத்தை ஏற்பாட்டாளர்களிடம் மறுபடி கேட்டு வாங்குங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துகளில், அதே வரிசையில், விரிவாக இருக்க வேண்டும். பிறந்த தேதி, புதுப் பாஸ்போர்ட் எண், மாநாட்டின் பெயர், நடக்கும் இடம், தேதிகள், உங்கள் போஸ்டரின் தலைப்பு, அதை நீங்களே நேரில் வைக்கிறீர்கள் என்ற வரி, பதிவுக் கட்டணம் செலுத்தப்பட்டுவிட்டது என்ற வரி, கையெழுத்திடுபவரின் பதவி, தொடர்பு எண் இவ்வளவும் அதில் வரவேண்டும். ‘சம்பந்தப்பட்டவருக்கு’ என்று தொடங்கும் பொதுக்கடிதத்துக்கு மதிப்புக் குறைவு. கேட்டால் எழுதித் தருவார்கள், அவர்களுக்கு இது வழக்கமான வேலைதான்.

பல்கலைக்கழகக் கடிதத்தில் நான்கு விஷயம் போதும்: நீங்கள் எந்த ஆண்டிலிருந்து ஆய்வு மாணவர், எந்தத் தேதிகளுக்கு விடுப்பு, எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள், எந்தத் தேதியில் பணிக்குத் திரும்ப வேண்டும். கடைசி வரிதான் உங்களுக்குப் பலம். விசா மறுப்புத் தாளில் அச்சடித்த காரணங்களின் பட்டியல் இருக்கும், பொருந்துவதில் டிக் போட்டுத் தருவார்கள். பயண நோக்கம் நம்பும்படி இல்லை என்பதும், திரும்பிச் செல்வார் என்பதில் ஐயம் என்பதும் அதில் அடிக்கடி விழும் டிக்குகள். முடிக்காத ஆய்வு, திரும்ப வேண்டிய தேதி, உதவித்தொகை தொடர்வதற்கான சான்று மூன்றும் அந்த இரண்டாவது ஐயத்துக்கு நேரான பதில்.

விமானச் செலவு பிறகுதான் கிடைக்கும் என்கிறீர்கள். அப்படியானால் முதலில் போடும் பணம் உங்கள் கணக்கில் இருப்பது தெரிய வேண்டும். வங்கி ஸ்டேட்மென்ட்டில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் திடீரென்று ஒரு பெருந்தொகை வந்து விழுந்திருந்தால் அது சந்தேகத்தைத்தான் கிளப்பும். வீட்டார் கொடுக்கிறார்கள் என்றால் மறைக்க வேண்டாம். அவர்கள் கையெழுத்திட்ட ஒரு கடிதம், அவர்களது ஸ்டேட்மென்ட், உறவைக் காட்டும் சான்று மூன்றையும் சேர்த்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும் கட்டிப்போடுவது நீங்கள் எழுதும் ஒரு பக்க முகப்புக் கடிதம். நாள்வாரியாக எழுதுங்கள். 12ஆம் தேதி வருகை. 13 ஓய்வும் மாநாட்டுப் பதிவும். 14 முதல் 18 வரை மாநாடு. 18 மாலை ரயிலில் பிராக். 21 அங்கிருந்து புறப்பாடு. மாநாட்டுக்கு வெளியே உள்ள நாட்கள் சுற்றிப் பார்க்கவும் தோழியைச் சந்திக்கவும் என்று நேராகச் சொல்லுங்கள். அது குற்றமில்லை, விளக்காமல் விடுவதுதான் தவறு. தோழி வீட்டில் தங்குவதென்றால் அவர் முகவரியோடு எழுதிய கடிதமும், அவரது குடியுரிமை அல்லது வசிப்பு அனுமதியின் நகலும் வேண்டும். அழைப்புக்கென்று தனிப் படிவம் கேட்கிறார்களா என்பதையும் மையத்தில் விசாரியுங்கள். என்னைக் கேட்டால், முதல் பயணத்துக்கு அந்த மூன்று இரவுக்கும் ஹோட்டலே எடுத்துவிடுங்கள் என்பேன். நிரூபிக்க வேண்டியது ஒன்று குறையும். ஆனால் கோப்பில் காட்டுவதற்காக மட்டும் அறை எடுத்து, விசா வந்ததும் ரத்துசெய்துவிட்டுத் தோழி வீட்டுக்குப் போகும் வேலை வேண்டாம். எல்லையில் அதிகாரி எங்கே தங்குகிறீர்கள் என்று கேட்கும்போது கையில் இருக்கும் தாளும் வாய்ப் பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மருத்துவ இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் பகுதி முழுவதற்கும், தங்கும் எல்லா நாட்களுக்கும் வேண்டும். அவசர சிகிச்சை, மருத்துவமனைச் செலவு, நாடு திரும்பக் கொண்டுவரும் செலவு ஆகியவை அடங்க வேண்டும். சான்றிதழிலேயே தொகையும் ‘ஷெங்கன்’ என்ற சொல்லும் தெரியும்படி கேட்டு வாங்குங்கள். விமானம் தாமதமானால் பாதுகாப்பாக இருக்கும் என்பதால் முன்னும் பின்னும் ஓரிரு நாள் கூட்டியே எடுங்கள்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை, விசா வருமுன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள். விண்ணப்பத்துக்கு முன்பதிவுத் தாள் போதும், இல்லையென்றால் கட்டணமின்றி ரத்துசெய்யக்கூடிய டிக்கெட் எடுங்கள். வியன்னாவில் இறங்கி பிராக்கில் ஏறுவதால் ‘மல்ட்டி-சிட்டி’ என்று ஒரே பதிவாகப் போடுங்கள். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் எடுப்பதைவிட இது பெரும்பாலும் மலிவாகவும் இருக்கும், பாதுகாப்பும்கூட. மலிவு என்று வெவ்வேறு நிறுவனங்களின் இரண்டு துண்டு டிக்கெட்டுகளைச் சேர்த்தால், நடு ஊரில் பையை எடுத்து மறுபடி கொடுக்க வேண்டிவரலாம். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டும், நுழைய விசா வேண்டும். முதல் விமானம் தாமதித்து இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஒரே பதிவாக இருந்தாலும், விமானம் மாறும் நாட்டில் உங்கள் பாஸ்போர்ட்டுக்கு டிரான்சிட் விசா கேட்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். அமெரிக்கா வழியாக எங்கே போனாலும் அங்கே குடிநுழைவைக் கடந்தே ஆக வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிராங்க்பர்ட், மியூனிக் போன்ற ஷெங்கன் ஊரில் விமானம் மாறினால் பாஸ்போர்ட் சோதனை அங்கேயே முடிந்துவிடும், வியன்னாவில் இருக்காது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவுப் பதிவு முறையில் முகத்தைப் படமெடுத்துக் கணினியில் பதிகிறார்கள். முதல்முறை நுழைபவருக்கு அதற்கு நேரம் பிடிக்கிறது. அதனால் விமானம் மாற இரண்டு மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி உள்ள டிக்கெட்டை எடுக்காதீர்கள். ஒரு மணி நேர இடைவெளியையும் தளங்கள் தாராளமாக விற்கும். வரிசையில் நிற்கப்போவது நீங்கள்.

விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மையத்தைவிட்டு நகருமுன் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம் என்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். இதில் பலர் குழம்புவது தேதியும் நாளும். ஸ்டிக்கரில் செப்டம்பர் 12 முதல் அக்டோபர் 6 வரை என்று இருந்து, நாட்கள் என்ற கட்டத்தில் 10 என்று இருந்தால், அந்தத் தேதிகளுக்கு நடுவே மொத்தம் 10 நாள்தான் தங்கலாம். அக்டோபர் 6 வரை இருக்கலாம் என்று பொருளில்லை. இறங்கும் நாளும் ஏறும் நாளும் முழு நாளாகவே எண்ணப்படும். 12 முதல் 21 வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 10. அதனால் படிவத்தில் தங்கும் நாட்களை எழுதும்போது இரவுகளை எண்ணி 9 என்று போட்டுவிடாதீர்கள்.

போஸ்டருக்கு வருவோம். மாநாட்டு அறிவிப்பில் அளவோடு, நெட்டுவாக்கா குறுக்குவாக்கா என்பதையும் பாருங்கள். ஏ0 என்றால் 84.1 × 118.9 சென்டிமீட்டர். நெட்டுவாக்குப் பலகையில் குறுக்குவாக்குப் போஸ்டரைக் கொண்டுபோனால் இரண்டு பக்கமும் வெளியே துருத்தும், பக்கத்துப் போஸ்டரை மறைக்கும். பவர்பாயின்ட்டில் செய்வதென்றால் ஸ்லைடின் அளவைத் தொடக்கத்திலேயே ஏ0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் அதிகபட்சம் 142 சென்டிமீட்டர் என்பதால் ஏ0 அடங்கும். சின்ன ஸ்லைடில் செய்து அச்சில் பெரிதாக்கினால் நுண்ணோக்கிப் படங்கள் எல்லாம் கட்டம் கட்டமாகச் சிதறித் தெரியும். உங்கள் துறையில் அந்தப் படங்கள்தான் முக்கியமே. முழு அளவில் 150 முதல் 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு அத்தனை புள்ளிகள்) இருக்கும்படி படங்களைச் சேருங்கள்.

காகிதப் போஸ்டருக்கு 90 சென்டிமீட்டர் நீளக் குழாய் வேண்டும். 84.1 பக்கம் குழாயின் நீளமாக வரும்படி சுருட்டுங்கள், அச்சு வெளிப்பக்கம் இருந்தால் பலகையில் ஓரங்கள் முன்னோக்கிச் சுருண்டு எழாது. ஆனால் குழாயை கேபினுக்குள் விடுவது விமான நிறுவனத்தின் விருப்பம். சிலர் அதைத் தனிப் பையாக எண்ணிக் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். இந்த வம்பே வேண்டாம் என்றால் துணியில் அச்சடியுங்கள். பாலியஸ்டர் துணிப் போஸ்டரை மடித்துக் கேபின் பையில் சட்டைகளுக்கு நடுவே வைத்துவிடலாம். சுருக்கம் விழுந்தால் மறுபக்கத்தில் குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டால் போய்விடும். துணி தொய்யும் என்பதால் மேல் இரண்டு மூலையில் குத்தினால் மட்டும் போதாது, மேல்விளிம்பில் ஐந்தாறு இடத்தில் பிடிக்க வேண்டும். பலகை குண்டூசி ஏற்கிறதா, ஒட்டுநாடா மட்டும்தானா என்று முன்கூட்டிக் கேளுங்கள். எதுவானாலும் பிடிஎஃப் கோப்பை மின்னஞ்சலிலும் பென்டிரைவிலும் வைத்திருங்கள். போஸ்டர் தொலைந்தால் வியன்னாவிலேயே அச்சடிக்கலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அச்சகம் இருக்காது.

அந்த ஞாயிறு போஸ்டரை மட்டும் பாதிப்பதில்லை. ஆஸ்திரியாவில் கடைகள் சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மூடும், ஞாயிறு திறக்காது. நீங்கள் சனி மாலை இறங்குகிறீர்கள். ஹோட்டலில் பையை வைத்துவிட்டு நிதானமாகச் சோப்பு, தண்ணீர்ப் பாட்டில், பழம் வாங்கலாம் என்று வெளியே வந்தால் தெருவே மூடியிருக்கும். விமான நிலையம், மத்திய ரயில் நிலையமான ஹாப்ட்பான்ஹோஃப், பிராட்டர்ஷ்டெர்ன் நிலையம் ஆகிய இடங்களில் உள்ள கடைகள் ஞாயிறன்றும் திறந்திருக்கும். குழாய்த் தண்ணீர் ஆல்ப்ஸ் மலையூற்றுகளிலிருந்து வருவது, தாராளமாகக் குடிக்கலாம். காய்ச்சல் மாத்திரைகூட சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்காது, மருந்துக்கடையில்தான். ஆகவே தலைவலி, வயிற்றுக் கோளாறு மாத்திரைகளை அளவாக, அட்டையோடு எடுத்துப்போங்கள். தினசரி சாப்பிடும் மருந்து இருந்தால் மருத்துவர் சீட்டோடு கேபின் பையில் வையுங்கள். திறந்திருக்கும் மருந்துக்கடையைச் சொல்லும் எண் 1455, ஆம்புலன்ஸ் 144, பொது அவசர எண் 112.

மாநாட்டு மையம் மெட்ரோவின் யு1 தடத்தில், கைசர்முயூலன் விஐசி நிலையத்தில் இருக்கிறது. பக்கத்தில் உயரமாகத் தெரிவது ஐ.நா. வளாகம், அதன் வாசலுக்குப் போய்விடாதீர்கள். ஹோட்டல் எடுக்கும்போது மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காமல், யு1 தடத்தில் ஏதாவது நிலையத்துக்கு நடக்கும் தூரமா என்று பாருங்கள். கார்ல்ஸ்பிளாட்ஸ், ஷ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், பிராட்டர்ஷ்டெர்ன், ஹாப்ட்பான்ஹோஃப் எல்லாம் அந்தத் தடம்தான். விமான நிலையத்திலிருந்து ரெயில்ஜெட் ரயில் ஹாப்ட்பான்ஹோஃபுக்குக் கால் மணி நேரத்தில் போய்விடும், அங்கே யு1 பிடிக்கலாம். சிட்டி ஏர்போர்ட் டிரெயின் என்று பச்சை நிறத்தில் விளம்பரப்படுத்தும் ரயில் தனி நிறுவனம், கட்டணம் பலமடங்கு. நகர டிக்கெட் எதுவாக இருந்தாலும் விமான நிலையம் நகர எல்லைக்கு வெளியே இருப்பதால் அந்தத் துண்டுக்குத் தனி டிக்கெட் வேண்டும். மெட்ரோவில் தடுப்புக் கதவுகள் கிடையாது. காகித டிக்கெட்டை நுழையும் இடத்தில் உள்ள நீலப் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். முத்திரை இல்லாத டிக்கெட் டிக்கெட்டே இல்லை. சாதாரண உடையில் வரும் சோதகர்கள் போடும் அபராதம் 100 யூரோவுக்கு மேல், வெளிநாட்டவர் தெரியாமல் செய்தார் என்ற சலுகை கிடைக்காது. சில மாநாடுகள் பதிவோடு போக்குவரத்து டிக்கெட்டும் தருகின்றன, வாங்குமுன் பாருங்கள்.

கேபின் பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: அழைப்புக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகள், போஸ்டர், மருந்து, ஒருநாள் மாற்றுடை. விசா இருந்தாலும் எல்லை அதிகாரி இந்தத் தாள்களைக் கேட்கலாம், போன் சார்ஜ் தீர்ந்துபோன நேரத்தில்தான் கேட்பார். பவர் பேங்க் செக்-இன் பையில் போகக் கூடாது, கேபினில் மட்டும். 100 வாட்-அவர் வரை அனுமதி தேவையில்லை. 20,000 எம்ஏஎச் என்றால் அதை 3.7ஆல் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள், 74 வாட்-அவர். எண் அழிந்துபோன பவர் பேங்கை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அளவு தெரியவில்லை என்று வாங்கி வைத்துவிடுவார்கள். இறைச்சியையும் பால் பொருட்களையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது, தோழிக்குப் பால் இனிப்பு உட்பட. இரண்டு நாட்டுக்கும் இரண்டு உருண்டைக் கம்பி உள்ள பிளக் பொருந்தும், மின்னழுத்தம் 230 வோல்ட். செப்டம்பர் நடுவில் பகலில் 20 டிகிரியை ஒட்டி இருக்கும், காலையில் 12க்கு இறங்கும், ஒரு ஜாக்கெட் போதும்.

பணத்துக்கு இரண்டு கார்டு, இரண்டு வெவ்வேறு இடத்தில். வெளிநாட்டுப் பயன்பாட்டைக் கிளம்புமுன் இயக்கி வையுங்கள். வங்கியின் ஓடிபி உங்கள் பழைய எண்ணுக்குத்தான் வரும், அதனால் அந்த சிம்மை ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்கும்படி விட்டு, இணையத்துக்கு இ-சிம் போட்டுக்கொள்ளலாம். இறங்கியதும் செலவுக்கு 100 முதல் 150 யூரோ சில்லறை நோட்டுகளாக இருந்தால் போதும். ஹோட்டல்காரர்கள் வந்ததும் கார்டில் ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் உங்கள் கைக்கு எட்டாது, அதற்குக் கிரெடிட் கார்டைக் கொடுங்கள்.

கடைகளிலும் ஏடிஎம்களிலும் எந்திரம் திரையில் இரண்டு தொகை காட்டி, உங்கள் நாட்டுப் பணத்தில் கட்டுகிறீர்களா, யூரோவிலா என்று கேட்கும். சொந்த நாட்டுப் பணத்தில் பார்க்கும்போது நிம்மதியாகத் தோன்றும், அந்தப் பொத்தானும் பெரும்பாலும் எடுப்பாகவே இருக்கும். அதை அழுத்தினால் மாற்று விகிதத்தை அந்த எந்திரக்காரர் வைக்கிறார், நீங்கள் அதிகம் கட்டுகிறீர்கள். எப்போதும் அந்த ஊர்ப் பணம்: வியன்னாவில் யூரோ, பிராக்கில் கொருனா.

பிராக்கில் சுற்றுலாத் தெருக்களில் உள்ள பணம் மாற்றும் கடைகளிடம் எச்சரிக்கை தேவை. ‘கமிஷன் இல்லை’ என்ற பலகையின் கீழே மோசமான விகிதம் ஒளிந்திருக்கும். செக் சட்டப்படி 2019 முதல், 1,000 யூரோ மதிப்புக்குள் மாற்றிய பணத்தை 3 மணி நேரத்துக்குள் ரசீதோடு திரும்பப் போய் ரத்துசெய்யும் உரிமை உண்டு. ரசீது இல்லாமல் கடையைவிட்டு வெளியே வராதீர்கள். வியன்னாவிலிருந்து பிராக் ரயில் பயணம் சுமார் நான்கு மணி நேரம். பாஸ்போர்ட்டைப் பெரிய பைக்குள் போட்டு மேலே வைத்துவிடாமல் உடம்போடு வைத்திருங்கள், ஷெங்கனுக்குள்ளும் அவ்வப்போது சோதனை நடக்கும். மாநாடு வெள்ளி மாலை எத்தனை மணிக்கு முடிகிறது, உங்கள் போஸ்டரை எப்போது கழற்றச் சொல்கிறார்கள் என்று தெரிந்த பிறகு ரயில் நேரத்தைக் குறியுங்கள். கெடுவுக்குப் பிறகு பலகையில் இருக்கும் போஸ்டர்களை எடுத்துக் குப்பையில் போட்டுவிடுவார்கள்.

விமானச் செலவு திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதால், கிளம்புமுன் பல்கலைக்கழகக் கணக்குப் பிரிவில் என்னென்ன கேட்பார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கமாகக் கேட்பவை டிக்கெட்டின் இன்வாய்ஸ், போர்டிங் பாஸ்கள், பணம் கட்டியதற்கான கார்டு ஸ்டேட்மென்ட், கலந்துகொண்டதற்கான சான்றிதழ். போனில் வரும் போர்டிங் பாஸ் விமானம் கிளம்பியதும் செயலியிலிருந்து மறைந்துபோகலாம், வாயிலில் நிற்கும்போதே படமாகச் சேமித்துவிடுங்கள். ஹோட்டல் இன்வாய்ஸை அறையைக் காலி செய்யும்போதே, உங்கள் முழுப்பெயரோடு கேட்டு வாங்குங்கள். கலந்துகொண்ட சான்றிதழைச் சில மாநாடுகள் மின்னஞ்சலில் அனுப்பும், சிலவற்றில் கடைசி நாள் பதிவு மேசையில் நேரில் கேட்டால்தான் தருவார்கள். வெள்ளி மதியத்துக்கு மேல் அந்த மேசையைக் கட்டிவிடுவார்கள், வியாழனன்றே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.